கரையிலேயே நின்ற கேம் விமர்சகர்

ஒரு கோப்பில் கருத்து எழுதுபவர் அந்தக் கோப்பை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை படித்திருக்க வேண்டும் என்பது அலுவலக நடைமுறையின் அடிப்படை விதி. துறைமுகத்துச் சரக்கு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள், இந்த விதியைச் சொல்லியே பலருடைய குறிப்புகளைத் திருப்பி அனுப்பியவன் நான். (அவர்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் தாராளமாக மகிழ்ச்சி அடையலாம்.) ஓய்வுபெற்ற மறு ஆண்டே, ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அதே விதியை நான் மீறினேன். அதுவும் ஒரு வீடியோ கேமில்.

ஓய்வுபெற்றவனுக்கு வீடியோ கேமில் என்ன வேலை என்று என் மனைவி செல்வராணியும்தான் கேட்டாள். அலுவலகத்தில் என் கருத்துக்காகக் கோப்புகள் மேசைமேல் காத்துக் கிடந்தன. ஓய்வுக்குப் பிறகு, சட்னி தேங்காயா தக்காளியா என்பதில்கூட யாரும் என் கருத்தைக் கேட்கவில்லை. அப்போதுதான் ஒரு தமிழ் இணைய இதழ், வீடியோ கேம் பத்திரிகையாளர் ஆக விரும்புவோருக்கு ஆறு வாரப் பயிற்சி என்று அறிவித்தது. இறுதியில் எழுதும் விமர்சனம் தேறினால் இதழில் தொடர்ந்து எழுதலாம். வயது வரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை. குறிப்பிடப்படாத தடை, தடை ஆகாது. விண்ணப்பித்தேன். யாராவது மறுபடியும் என் கருத்தைக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆசிரியர் ரெக்ஸுக்கு ஆலந்தலை சொந்த ஊர். என் மகள் வயதுதான் இருக்கும். வகுப்பு இணையத்தில் நடந்தது. சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான். விளையாடிக்கொண்டே குறிப்பெடுப்பது, கேமை உருவாக்கியவர்களைப் பேட்டி காண்பது, கதையின் முடிவைப் போட்டு உடைக்காமல் எழுதுவது, தலைப்பு வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார். குறிப்பெடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. தலைப்பில்தான் தகராறு. கார் பந்தய கேம் ஒன்றுக்கு நான் வைத்த தலைப்பு: "மேற்படி வாகனங்களின் இயக்கம் குறித்து."

"சார், இதப் படிச்சா வெளையாடத் தோணாது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகத்தான் தோணும்" என்றார் ரெக்ஸ்.

இறுதித் தேர்வுக்கு வந்தது, இன்னும் வெளிவராத ஒரு முத்துக்குளிப்பு கேம். தூத்துக்குடிக்காரனிடம் முத்துக்குளிப்பு! பத்திரிகையாளன் ஆகிவிட்டதாகவே மளிகைக்கடை அண்ணாச்சியிடம் சொல்லி வைத்தேன்.

கேம் ஒரு கடற்கரையில் தொடங்கியது. ஒரு நண்டு வந்து நீந்தச் சொன்னது; நீந்தினேன். கயிற்றைப் பிடிக்கச் சொன்னது, பிடித்தேன். மூச்சடக்கச் சொன்னது, அடக்கினேன். (திரைக்குள் இருந்தவன் மட்டும் அடக்கியிருந்தால் போதும். நானும் சேர்ந்து அடக்கியதால் செல்வராணி ஓடி வந்து முதுகில் ஒன்று வைத்தாள்.) எல்லாம் முடிந்ததும் நண்டு கேட்டது: "படகில் ஏறத் தயாரா?"

இங்கேதான் என் பணி அனுபவம் குறுக்கே வந்து நின்றது. "தயார்" என்பது ஓர் உறுதிமொழி. மூச்சடக்குவதில் நான் எடுத்திருந்ததோ நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. இரண்டு குறைவாக வைத்துக்கொண்டு தயார் என்று சொல்வது பொய்ச் சான்று அளிப்பதாகும். "இல்லை" என்பதை அழுத்தினேன். நண்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. தவிர, படகில் ஏறினால் கேம் முடிந்துவிடும் என்று நானாகவே தீர்மானித்திருந்தேன். வேலை முடிந்தவன்தானே கிளம்புவான்?

இப்படியே பதினொரு நாள்.

"அந்தப் படகுலதான் ஏறித் தொலைங்களேன். பாவம், அந்த நண்டுக்குத் தொண்ட கட்டிரும்" என்றாள் செல்வராணி.

"ஏளா, ஒனக்கு நடைமுறை தெரியாது. சும்மா இரி."

கெடு நாள் வந்தது. வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் கம்பீரமாக என் விமர்சனத்தை வாசித்தேன்: "கதை முழுவதும் ஒரே கடற்கரையில் நடக்கிறது. எதிரிகள் இல்லை. முத்தும் இல்லை. செய்ததையே திரும்பச் செய்யும் பணி வாழ்க்கையின் வெறுமையை ஒரு நண்டின் மூலம் துணிச்சலாகச் சொல்லியிருக்கிறார்கள்."

சிலர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மெய்மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். காயல்பட்டினத்து மாணவி நஸ்ரின்தான் மெதுவாக வாயைத் திறந்தாள். "அங்கிள்... அது டுடோரியல்."

"அப்படின்னா?"

"கேம் ஆரம்பிக்கதுக்கு முன்னால எப்படி வெளையாடணும்னு சொல்லிக் குடுக்கது. பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். படகுல ஏறுனாத்தான் கேமே."

"சார், பதினோரு நாளா நீங்க கரையிலதான் நிக்கீங்க" என்றார் ரெக்ஸ், சிரிப்பை அடக்கிய குரலில்.

அந்த நேரம் பார்த்துத் தேநீரோடு கேமராவுக்குள் நுழைந்தாள் செல்வராணி. "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் தம்பி. கேட்டாகளா?"

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. திரையில் இருந்த ஒன்பது சதுரங்களும் குலுங்கின. கதையின் முடிவை வெளியிடக் கூடாது என்ற விதியை முழுமையாகக் கடைப்பிடித்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். முடிவு அறிவிக்கப்பட்டது: எட்டுப் பேர் தேர்ச்சி. எட்டில் நான் இல்லை.

அன்று மாலையே கணினியைத் திறந்தேன். நண்டு கேட்டது. எனக்குத் தகுதி இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? "தயார்" என்று அழுத்தினேன். படகு கிளம்பியது. அடேயப்பா, அது கடல்! முதல் மூழ்கலிலேயே ஒரு சுறா என்னைத் தின்றது. நாலாவது நாள், ஒரு முத்தை எடுத்து மேலே வந்தபோது, நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

கடைசிவரை விளையாடினேன். பிறகு புதிதாக எழுதினேன். பதினொரு நாள் கரையில் நின்ற கதையை மறைக்காமல் சொல்லி, கேமை மனதாரப் பாராட்டி, படகில் நங்கூரக் கயிறு கட்டியிருக்கும் விதத்துக்கு மட்டும் கண்டனம் தெரிவித்திருந்தேன். அதை முறைப்படி மேல்முறையீடாக அனுப்பினேன். பதில் இல்லை. வாரம் ஒன்றாக நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு, நினைவூட்டல் மூன்று.

வீட்டில் இதெல்லாம் நிரந்தரப் பதிவாகிவிட்டது. சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, பூட்டை மூன்றாம் முறை இழுத்துப் பார்த்தேன். காரிலிருந்து மகள் கத்தினாள்: "எப்பா, தொண்ணூத்தெட்டு போதும், ஏறுங்க!" இப்போது சொந்தக்காரர்கள் வீட்டிலும் இதுதான் பேச்சு.

கடைசியில் வந்த ரெக்ஸின் பதில் சுருக்கமாக இருந்தது: "சார், கும்பிடுதேன், இனிமே நினைவூட்டல் அனுப்பாதீங்க. கட்டுரை வெள்ளிக்கிழமை வெளியாகுது. அடுத்த கேம் இணைச்சிருக்கேன். உங்க கருத்து திங்கட்கிழமைக்குள்ள வேணும்."

அதை அச்செடுத்து, பழைய பழக்கப்படி ஓரத்தில் குறித்தேன்: "பெறப்பட்டது, ஆகஸ்ட் பதினாறு, முற்பகல்."