எப்படியாவது ஃபெயிலாகணும்

உருளைக்கிழங்கு கருகினால் மட்டும் போதாது, கரியாகவே ஆக வேண்டும் என்று தீயை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தார் அப்பாக்காரர்.

"அப்பா, புகை வருது!" கூடத்திலிருந்து மகள் கத்தினாள்.

"வரட்டும் கண்ணு. ஜன்னலைத் திறந்துடாதே."

கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வரும் நேரம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பவர்கள் உருப்படியாகத்தான் படிக்கவைக்கிறார்களா என்று பார்ப்பது அந்த அதிகாரியின் வேலை. சரியில்லை என்று பட்டால், உடனே பள்ளியில் சேர்க்கச் சொல்லி உத்தரவு போட்டுவிடுவாராம். அந்த உத்தரவு வரக்கூடாதே என்று மற்ற வீடுகளில் கதிகலங்கிப்போய் இருப்பார்கள். இவர், அது எப்படியாவது வந்து தொலையட்டும் என்று காத்திருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையை ராஜினாமா செய்தபோது இந்த மனுஷன் பேசிய பேச்சு இருக்கிறதே! "பள்ளிக்கூடமா அது? ஜெயில்! என் பொண்ணு சுதந்திரமா வளருவா. பிடிச்சதைப் படிப்பா. அடுப்படிதான் எங்க லேப், கூடம்தான் லைப்ரரி!" கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்க்காமல் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். மச்சினன் மட்டும், "பார்க்கலாம் மாமா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் இவர் தொண்டையிலேயே நிற்கிறது.

சுதந்திரம் மகளுக்கு வந்ததோ என்னவோ, இவரிடமிருந்து போய்விட்டது. ரொட்டியை அரை, கால் என்று வெட்டிப் பின்னம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதே ரொட்டியைச் சுட்டுக் காலைச் சாப்பாடாக்க வேண்டும். பாத்திரம் கழுவ வேண்டும். எரிமலை எப்படி வெடிக்கும் என்று பாத்திரம் கழுவுகிற தொட்டியிலேயே செய்துகாட்டிவிட்டு, மறுபடி அதைக் கழுவ வேண்டும். நிம்மதியாக உட்கார்ந்து ஒரு டீ குடித்து எத்தனை நாளாயிற்று! மனைவி நர்ஸ். களைத்துப்போய் வருகிறவளிடம் இதையெல்லாம் எந்த வாயால் சொல்வது?

தினமும் காலையில் மஞ்சள் நிறப் பள்ளி வேன் தெருவில் போகும்போது ஜன்னலோரம் போய் நிற்பார். மகளும் வந்து பக்கத்தில் நிற்பாள்.

"பாவம் அந்தப் பசங்க, இல்லப்பா?"

"ஆமாம் கண்ணு, ரொம்பப் பாவம்."

உன்னை அந்த ஜெயிலுக்கு ஒருநாளும் அனுப்ப மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் வேறு செய்துகொடுத்திருந்தார். இப்போது போய் எப்படி மாற்றிப் பேசுவது? "கவர்மெண்ட்டே சொல்லிடுச்சு, நான் என்ன பண்றது?" என்று கையை விரிப்பது ஒன்றுதான் வழி. குளியலறைக் கண்ணாடி முன்னால் கையை விரித்துப் பழகியும் பார்த்துவிட்டார்.

அழைப்பு மணி அடித்தது. அதிகாரி, ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். புகைக்குள் இருமிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"என்ன சார், சமையலா?"

"எங்க வீட்ல தினம் இந்தக் கதிதான் மேடம். குழந்தைக்கும் இதுதான் சாப்பாடு" என்று கரித்துண்டுகளைத் தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தார்.

அந்த அம்மாள் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். "பரவாயில்லையே! எங்க வீட்ல நான் சமைக்கறது இதைவிட மோசம்." இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்.

அப்பாக்காரருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"புத்தகமெல்லாம் எங்கே சார்?"

"புத்தகமா? இந்த வீட்ல மருந்துக்குக்கூடக் கிடையாது மேடம்." எல்லாவற்றையும் காலையிலேயே கூடத்துக் கட்டிலுக்கு அடியில் திணித்திருந்தார்.

அதிகாரி காலை நீட்டினார். கால் பட்டதும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் அடுக்கு சரிந்தது. அது இன்னொன்றைத் தள்ளியது. அறிவியல், கதை, அகராதி, அட்லஸ் என்று எல்லாம் கூடம் முழுக்க வழிந்தோடின.

"அடேயப்பா! வைக்க இடமில்லாத அளவுக்கா படிக்கறீங்க!"

"டைம்டேபிள்கூட இல்ல மேடம். அவ எந்திரிக்கறதே பத்து மணிக்கு" என்று இன்னொரு பொய்யை எடுத்துவிட்டார்.

"வளர்ற பிள்ளை, நல்லாத் தூங்கட்டும்."

போச்சுடா என்று இருந்தது. மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை மகள்தான். பரீட்சை என்பதே குழந்தைகளை மிரட்டுகிற வேலை என்பது இவர் கொள்கை. இரண்டு வருஷத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை, ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொன்னதில்லை. ஆகவே அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பெற்றவருக்கே தெரியாது.

"கணக்குக் கேளுங்க மேடம். கண்டிப்பா வராது" என்றார் ஆவலாக.

"பாப்பா, ஏழெட்டு எவ்வளவு?"

மகள் விட்டத்தைப் பார்த்தாள். "அம்பத்தேழு."

அப்பாடா என்று இருந்தது இவருக்கு.

"பன்னிரண்டு பன்னிரண்டு?"

"நூத்து நாப்பத்தஞ்சு."

"சிலந்திக்கு எத்தனை கால்?"

"ஒன்பது."

அப்பாடா என்று இருந்ததெல்லாம் அதோடு சரி. சிலந்தியா? போன மாதம் முழுக்கக் குளியலறைச் சிலந்தியைத்தானே இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள்!

"வருஷத்துக்கு எத்தனை மாசம்?"

"பதிமூணு."

ஐயோ! ஃபெயிலாக வேண்டும் என்றால் இந்த அளவுக்கா? மானம் போகட்டும், மச்சினன் சிரிக்கட்டும். பத்து வயதுப் பெண் பதிமூன்று மாதம் என்கிறாளே! இரண்டு வருஷமாக இவளுக்கு நான் என்னதான் செய்தேன்?

"வாரத்துக்கு எத்தனை நாள் பாப்பா?"

பொறுக்க முடியவில்லை அவருக்கு. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று ஏழு விரல்களை நன்றாக விரித்துக் காட்டினார். மகள் அந்த விரல்களை நேராகப் பார்த்தாள்.

"எட்டு" என்றாள்.

"சரி, இதைக் கொஞ்சம் படி" என்று அதிகாரி கீழே கிடந்த கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஒ... ரு... ஒரு... கு... ர..." நடுவில் களுக்கென்று ஒரு சிரிப்பு வேறு. மறுபடியும், "கு... ர... ங்..."

அவருக்குக் கண் இருட்டியது. அப்படியானால், நாள் முழுக்க மூலையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டியதெல்லாம்? படம் பார்த்தாளா? அது தெரியாமல் அவளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சத்தமில்லாமல் நடந்தாரே, அந்த முட்டாள்!

"போதும் பாப்பா, நீ உள்ளே போ" என்று அதிகாரி எழுந்தார். "சரி சார். எல்லாம் திருப்தி. இன்னும் மூணு வருஷத்துக்கு அனுமதி எழுதிடறேன்."

"மேடம்!"

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரை ஓடிப்போய் மறித்தார். "வாரத்துக்கு எட்டு நாள்னு சொல்றா மேடம்! எழுத்துக்கூட்டத் தெரியல. அவ வாழ்க்கையை நானே கெடுத்துட்டேன். என்னால முடியல மேடம், ரொம்ப நாளாவே முடியல. வெளியில சொல்ல வெட்கம். ஸ்கூல்ல சேர்க்கணும்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"விழுந்துகிழுந்து வைக்காதீங்க" என்று அந்த அம்மாள் ஓரடி பின்னால் போனார். "சார், அவ சொன்ன விடை அத்தனையும் சரியான விடையைவிட ஒண்ணு கூட. ஒண்ணே ஒண்ணு. எழுத்துக்கூட்டிப் படிக்கறவ, இன்னும் நாலு வரி தள்ளி வர்ற ஜோக்குக்கு இப்பவே சிரிக்கறா. ஒண்ணும் தெரியாத பிள்ளையால இவ்வளவு கச்சிதமா தப்புப் பண்ண முடியாது."

அப்பாக்காரர் உள்ளே திரும்பிப் பார்த்தார். அறைக் கதவுக்குப் பின்னால் மகளின் விசும்பல் சத்தம் கேட்டது.

"அப்போ... அவ எதுக்கு மேடம்..."

அதிகாரி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

"அவளுக்கு ஸ்கூலுக்குப் போகணும், உங்களுக்கு அனுப்பணும், அப்பாவும் பொண்ணும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க வேண்டியதை எதுக்கு சார் கவர்மெண்ட் வாயால சொல்லவைக்கப் பார்க்கறீங்க?"