ஏழாவது விளக்கு ஏன் எரியவில்லை?

சிற்றேரிப்பாக்கம்,
உத்திரமேரூர் வழி,
செங்கல்பட்டு மாவட்டம்.
பிப்ரவரி, 1983.

'வாரத் தூது' ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஏழாம் வாய்க்காலுக்கு வரவேண்டிய தண்ணீரை உங்கள் கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது.

வணக்கம். நானும் என் தாய் தந்தையரும் நலம். பயிர் நலமாக இல்லை. தாங்களும் தங்கள் அச்சுக்கோப்பவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்னையிலும் தண்ணீர்க் கஷ்டம் என்று கேள்விப்பட்டோம். ஆனாலும் அங்கே யாரும் தொடர்கதையைப் படித்துவிட்டுக் குழாயைத் திறப்பதில்லை என்று நினைக்கிறேன்.

என் பெயர் வேதகிரி. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்திருக்கிறேன். வேலை இல்லை. அப்பா சடையப்பனோடு கடைமடையில் கழனி பார்க்கிறேன். எங்கள் ஏரிக்கு மதகு ஒன்று, வாய்க்கால் ஏழு. முதல் இரண்டு வாய்க்காலிலும் பாய்கிற நிலம் பெரும்பாலும் முத்துவேல் என்பவருடையது. அவர் உறவுமுறையில் எனக்கு மாமா, மற்ற எல்லா முறையிலும் பண்ணையார். ஏழாவது வாய்க்காலில் இருப்பது காலனிக்காரர்களின் துண்டு நிலங்களும், பாகம் பிரித்துப் பிரித்துக் கைக்குட்டையாகிப்போன எங்களைப் போன்றவர்களின் நிலங்களும். இந்த வருஷம் மழை பொய்த்து ஏரி பாதிதான் நிரம்பியது. அப்படிப்பட்ட வருஷத்தில் எந்த வாய்க்காலுக்கு முதலில் தண்ணீர் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். குடவோலைக் கல்வெட்டு இருக்கிற உத்திரமேரூருக்குப் பக்கத்து ஊர், வேறு எப்படிச் செய்வோம்? ஆனால் சீட்டை எடுப்பது உள்ளூர்க்காரன் இல்லை. உள்ளூர்க்காரன் கையை உள்ளூர்க்காரன் நம்பமாட்டான். பெருநகரிலிருந்து வரும் காலைப் பேருந்தில் முதலில் இறங்குகிற வெளியூர் ஆளைப் பிடித்து, ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, பானைக்குள் கையை விடச் சொல்வோம். எடுத்த வரிசைதான் தண்ணீர் வரிசை. போன முறை இறங்கியவர் ஒரு வளையல் வியாபாரி. அவர் முதலில் எடுத்தது ஏழாம் வாய்க்கால். முத்துவேல் மாமா அந்த வளையல்காரரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இந்த வருஷம் சீட்டு நாளன்று பேருந்து வேலைநிறுத்தம். ஊரே பானையை வைத்துக்கொண்டு நிறுத்தத்தில் நிற்கிறது. ஒரு சைக்கிள்கூட வரவில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ள முடியாது. அப்போதுதான் ஓய்வுபெற்ற ஆசிரியர் வேதாந்தம் சார் அக்குளிலிருந்து உங்கள் இதழை எடுத்தார். அவர் பெருமாள் கோயில் வீதியில் இருப்பவர், சொந்த நிலம் இல்லாதவர், நல்லவர். நல்லவர் என்பதால்தான் இவ்வளவு கெடுதல் செய்ய முடிந்தது. உங்கள் தொடர்கதையில் சனிக்கிரகத்துக்குப் போகிற கப்பலில் தண்ணீர் குறைந்துபோகிறது, ஏழு அறைகளில் எந்த அறைக்கு முதலில் தண்ணீர் என்று எல்லாரும் 'சாட்சி' என்கிற கம்ப்யூட்டரிடம் கேட்கிறார்கள், அது ஒவ்வொரு அறைக்கும் ஒரு விளக்காக வரிசையாக எரியவிடுகிறது. முதல் விளக்கு, இரண்டாவது, நான்காவது, மூன்றாவது, ஆறாவது, ஐந்தாவது. ஏழாவது எரியவே இல்லை. அதோடு தொடரும் போட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே கட்டம் கட்டி நீங்கள் எழுதியிருந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை: "ஏழாவது விளக்கு ஏன் எரியவில்லை? சாட்சி காரணமில்லாமல் எதையும் செய்வதில்லை. மறைபொருளை யோசியுங்கள், வாசகர்களே!"

யோசித்தார்கள். வேதாந்தம் சார் அந்தப் பக்கத்தை நிறுத்தத்திலேயே உரக்கப் படித்தார். சென்ற மாதக் கேள்வி பதிலில் உங்கள் கதாசிரியர், உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வந்த நாளில்தான் சாட்சி தன் மனதில் உதித்தது என்று சொல்லியிருந்தார் அல்லவா, அதையும் நினைவுபடுத்தினார். ஏழு அறை, ஏழு வாய்க்கால். கப்பல்தான் ஏரி. நான் குறுக்கே புகுந்து, சார், சீட்டு எடுக்க வெளியூர் ஆள் வேண்டுமே என்றேன். அதற்கு அவர் மிகவும் பொறுமையாகச் சொன்னார்: "வெளியூர்தானேடா வேணும்? சனிக்கிரகத்தை விட வெளியூர் எது?"

கூட்டம் தலையை ஆட்டியது. முத்துவேல் மாமாவின் தலை முதலில் ஆடியது, ஏனென்றால் முதலில் எரிந்தவை முதலாவதும் இரண்டாவதும். ஆசிரியர் அவர்களே, எங்கள் ஊரில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. காஞ்சிபுரத்துப் பொருட்காட்சியில் கம்ப்யூட்டர் ஜோசியம் என்று ஒரு திரைக்குப் பின்னாலிருந்து காகிதம் வருவதைச் சிலர் பார்த்திருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று தெரியாததால் மரியாதை அதிகமாகிவிட்டது. அதற்குச் சாதி இல்லை, பங்காளி இல்லை, ஓட்டு இல்லை, வளையல் விற்காது என்றார் மாமா. இது கதை, ஒருவர் உட்கார்ந்து மனதில் தோன்றியதை எழுதுகிறார், அவருக்கு நம் ஏரி கிழக்கிலா மேற்கிலா என்றுகூடத் தெரியாது என்று நான் கத்தினேன். மாமா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "கதன்னா பொய்யின்றியா? விடிய விடிய கூத்து பாத்துகினு உங்கம்மா அழுவுதே, அது இன்னா, பொய்யிக்கா அழுவுது?" என் அம்மா கோவிந்தம்மாள் அங்கேதான் நின்றிருந்தாள். அவள் இல்லை என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள், உண்மையாகத்தான் அழுவாள்.

மறுநாளே நான் வேலையில் இறங்கினேன். முடிதிருத்தகத்தில் கிடந்த பழைய இதழ்களை எல்லாம் வாங்கிவந்து உங்கள் சாட்சியை முதலிலிருந்து ஆராய்ந்தேன். உங்களுக்கு வெட்கமாக இல்லையா? முதல் அத்தியாயத்தில் அதற்கு விளக்கு எட்டு. இரண்டு வாரம் கழித்து ஏழு. பொங்கல் மலரில் அது பெண் குரலில் பேசுகிறது, அதற்கு அடுத்த இதழில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆண் குரலில் பேசுகிறது. ஓவியர் அதைப் பீரோ மாதிரி வரைந்திருக்கிறார், கதாசிரியர் அது உருண்டை என்கிறார். இவ்வளவு தப்பையும் ஊர் முன்னால் எடுத்து வைத்தால் மயக்கம் தெளியும் என்று நினைத்தேன். எடுத்து வைத்தேன். வேதாந்தம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அர்த்தம் இல்லாமல் ஒருவர் இத்தனை தப்பு செய்வாரா என்று கேட்டார். எட்டாவது விளக்கு, மிகுந்த தண்ணீர் வழிந்தோடுகிற ஏரிக் கலங்கலாம். இந்த வருஷம் ஏரி நிரம்பி வழியாது என்பதால் அது மறைந்துவிட்டதாம். பெண் குரல் ஏரிக்கரை அம்மன், ஆண் குரல் பெருமாள். பீரோ உருண்டையானது தானியம் குதிருக்குள் போவதைக் காட்டுகிறது. நான் கண்டுபிடித்த ஒவ்வொரு பிழைக்கும் ஊரில் ஒரு பக்தர் சேர்ந்தார். கடைசியில் என்னையே, நல்லா எடுத்துக் குடுத்தான் பையன் என்று பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா மெதுவாகக் கேட்கிறாள்: "அந்த மிசினாண்ட ஒன் வேலைய பத்தி ஒரு வார்த்த கேட்டா இன்னா?"

மதகைத் திறக்கிறவர் பெயர் சேட்டு. அவர் நிலமும் எங்கள் வாய்க்காலில்தான் இருக்கிறது. ஊர் சொன்னால் திறப்பார், ஊர் சொன்னால் மூடுவார். ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று என்று உங்கள் வரிசைப்படியே பாய்ச்சிக்கொண்டு போனார். கடைசியாக எரிந்த ஐந்தாவது முடிந்ததும் மதகுப் பலகையை இறக்கிவிட்டார். ஏரியில் இன்னும் ஒரு பாய்ச்சலுக்குத் தண்ணீர் இருக்கிறது. முத்துவேல் மாமா அதைத் தன் இரண்டாம் சுற்றுக்கு வைத்திருக்கிறார். நான் சேட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு, உன் பயிரும்தானே காய்கிறது, நீயே மூடலாமா என்று கேட்டேன். "வௌக்கு எரியலியேப்பா," என்றார். "நான் இன்னா பண்றது? எரிஞ்சா தொறக்கப்போறேன்." அவர் கேலி செய்யவில்லை. இதற்கு முன்னால் வளையல்காரர் கைக்கு எப்படிக் கட்டுப்பட்டாரோ அப்படியே இதற்கும் கட்டுப்படுகிறார். எங்கள் கழனி இப்போது பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. வெடிப்பில் என் கை மணிக்கட்டுவரை போகிறது. ஒரு பாய்ச்சல் கிடைத்தால் கதிர் பிழைக்கும். கிடைக்காவிட்டால் வைக்கோல்தான்.

ஏழைக்குத் தண்ணீர் இல்லை என்று முன்பெல்லாம் பண்ணையார் தம் வாயால் சொல்லவேண்டியிருந்தது. சொன்னால் திருப்பிக் கேட்க ஓர் ஆளாவது எதிரே இருந்தான். இப்போது அவர் ஒன்றும் சொல்வதில்லை. உங்கள் பத்திரிகையை விரித்துக் காட்டுகிறார். நான் யாரோடு சண்டை போடுவது? ஓர் உருண்டையான பீரோவோடா?

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் அச்சிடுங்கள்: சாட்சியின் விளக்குகளுக்கு எந்த அர்த்தமும் கிடையாது, ஏழாவது விளக்கு எரியாததற்கு ஒரு காரணமும் கிடையாது, பக்கம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். கதாசிரியர் கையெழுத்தும் வேண்டும். முடிந்தால் இனிமேல் உங்கள் கப்பலில் எதற்கும் பஞ்சம் வைக்காதீர்கள். இங்கே பஞ்சத்துக்குப் பஞ்சமில்லை.

தங்கள் பத்திரிகை தழைக்கட்டும். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு என் ஆசியும். ஆசி சொல்லும் வயது எனக்கு இன்னும் வரவில்லை, ஆனாலும் இந்த ஒரு வாரத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது.

இப்படிக்கு,
ச. வேதகிரி,
ஏழாம் வாய்க்கால்.

பின்குறிப்பு: கடிதத்தை எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்குப் போகிற வழியில் உங்கள் புதிய இதழ் வந்துவிட்டது. நின்றபடியே படித்தேன். ஆறு விளக்குகளும் அணைந்துபோய், ஏழாவது விளக்கு மட்டும் தனியாக எரிகிறது. மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். நான் ஏரிக்கரைக்கு ஓடி, எல்லாரையும் கூட்டி, அந்தப் பத்தியை நானே உரக்கப் படித்தேன். அர்த்தமும் நானே சொன்னேன். கடைசியாக எரிவதுதான் நின்று எரியும், ஆறு விளக்கும் அணைந்ததென்றால் இரண்டாம் சுற்று யாருக்கும் இல்லை என்று சொன்னேன். பி.எஸ்ஸி. படித்த வாயால் சொன்னேன். வேதாந்தம் சார் என்னைக் கட்டிக்கொண்டார். சேட்டு மதகுப் பலகையில் கை வைத்துவிட்டார். அப்போது முத்துவேல் மாமா இதழை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். அந்தப் பத்தியில் ஓர் எழுத்து தலைகீழாக விழுந்திருக்கிறதாம். "இது அச்சுப் பெசகு. ஒன்னாவதுன்னு போடவேண்டியவன் ஏழாவதுன்னு போட்டுட்டான். பத்திரிகைக்காரனையே கேளு, அவன் சொல்லட்டும். அதுவரைக்கும் யாரும் மதகாண்ட போவக்கூடாது," என்றார். ஊரும் ஒப்புக்கொண்டது. எழுத்து தலைகீழாக இருப்பது உண்மைதான், நானும் பார்த்தேன். அதனால் மறைபொருள் உண்டு என்றே எழுதுங்கள். எதையும் விளக்க வேண்டாம், ஒரு தபால் அட்டையில் ஒரே வரி போதும்: ஏழாவது விளக்கு எரிந்தது. இதை எழுதுகிற நேரத்தில் சேட்டு மதகின் மேல் உட்கார்ந்திருக்கிறார், ஏரித் தண்ணீர் வெயிலில் வற்றிக்கொண்டிருக்கிறது, தபால்காரர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு காலனிக்காரர்கள் எல்லாரும் கரையில் நிற்கிறார்கள். இன்றைக்கே எழுதிப் போடுங்கள். எரிந்ததா, இல்லையா?