சுற்றாமல் போட்ட டேப்

டைரக்டர் அழுதுகொண்டிருந்தார்.

எட்டு நிமிடம் ஓடிய டேப் முடிந்துவிட்டது. அதன் நுனி மட்டும் மெஷினில் 'டப் டப்' என்று அடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக் கை நீட்டிய டேப் ஓட்டுநர் ரேடியோ, மெஷினுக்கு மேலே சுவரில் இருந்த சிவப்பு எழுத்துப் பலகையைப் பார்த்தார்.

'சுற்றிவிட்டுப் போடு.'

அவர் சுற்றவில்லை.

ரேடியோ என்பது அந்த ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் அவருக்கு வைத்த பெயர். பன்னிரண்டு வருடம் வானொலி நிலையத்தில் டேப் ஓட்டிவிட்டு, ஒரு மாதச் சோதனை வேலைக்கு இங்கே வந்தவர். வானொலியில் ஒவ்வொரு டேப்பையும் திரும்பச் சுற்றி, ஆரம்பம் வெளியே தெரிகிற மாதிரி அடுக்குவார்கள். எடுத்தால் அப்படியே போட்டுவிடலாம். இங்கே நேர் எதிர். பதிவு முடிந்த கையோடு டேப் அப்படியே அலமாரிக்குப் போய்விடும். அதன் முடிவுதான் வெளியே இருக்கும். சுற்றாமல் போட்டால் பாட்டு கடைசியிலிருந்து முதலுக்கு, தலைகீழாக ஓடும்.

அப்படியானால் இந்த எட்டு நிமிடமும்?

"இதுதான்யா," என்றார் டைரக்டர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "மூணு மாசமா என் மண்டைக்குள்ள இருந்த சத்தம் இதுதான்."

"சார், அது வந்து..."

"பேசாதீங்க. பேசினா போயிடும்."

கடற்கரையில் தொலைந்த குடையை ஒருவன் இரண்டு மணி நேரம் தேடுகிற படம் அது. மொத்தம் நான்கு வசனம். மிச்சத்தையெல்லாம் இசை பார்த்துக்கொள்ளும் என்று டைரக்டர் ஒரு சைக்கடெலிக் ராக் குழுவைப் பிடித்திருந்தார். ஒரு சுருதியைப் பிடித்தால் அரை மணி நேரத்துக்கு விடாத குழு.

கதவருகே ஸ்டூடியோ முதலாளியம்மாவின் தலை தெரிந்தது.

"ரேடியோ, சார் அழுறாரா?"

"ஆமாம்மா."

"நல்ல அழுகையா, கெட்ட அழுகையா?"

"நல்லதுதாம்மா."

"அப்ப சனிக்கிழமை உங்க நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன். அதுவரைக்கும் இது கெடாமப் பாத்துக்குங்க."

மத்தியானம் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, அண்ணன் வந்திருக்கான். 'உன் வீட்டுக்காரர் ஒரே மாசத்துல மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துடுவார்'ங்கறான். நான் பந்தயம் கட்டிட்டேன்."

"என்னன்னு?"

"தோத்தா ஒரு வருஷத்துக்கு அவன் சொல்ற கதையையெல்லாம் நாம உக்காந்து கேக்கணும்."

"நாமன்னா, நானுமா?"

"பின்ன?"

மச்சானின் கதைகளுக்கு முடிவு கிடையாது.

டைரக்டர் சாப்பிடப் போன நேரத்தில் டேப் சுற்றியிருந்த வலப்பக்கச் சக்கரத்தை இடப்பக்கம் மாற்றி, டேப்பை எதிர்த்திசையில் ஓட்டிப் பார்த்தார். இப்போது நேராக ஓட வேண்டும். ஆனால் இதுவும் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. கிடார் எங்கிருந்தோ வந்தது, எங்கேயோ போனது. டிரம்ஸ் வாசித்தவர் அடிக்கவே இல்லை, தடவிக்கொண்டிருந்தார். ஆர்கன் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டே இருந்தது. பாட்டு வரி என்று ஒன்றுமே இல்லை. செய்தியாக இருந்தால் பாதி வாக்கியத்தில் கண்டுபிடித்திருப்பார். இதில் எது தலை, எது வால் என்று எப்படிச் சொல்வது?

காதைவிடப் பலகையை நம்புவதென்று முடிவு செய்தார்.

டைரக்டர் ஏப்பம் விட்டபடி திரும்பி வந்தார். "குடை தண்ணியில மிதக்கிற இடத்துக்கு இதே மாதிரி இன்னும் மூணு நிமிஷம் வேணும். நாளைக்கு அவங்க என் கண்ணு முன்னாடி வாசிக்கணும்."

"கண்ணு முன்னாடியா சார்?"

"விரலைப் பாக்கணும்யா நான்."

மறுநாள் காலை குழு வந்தது. கிடார்காரர், டிரம்ஸ்காரர், ஆர்கன் வாசிக்கும் பெண். மூவருக்கும் ஒரு கொள்கை உண்டு. திரையைப் பார்த்து ஒரே தடவை வாசிப்பார்கள். வாசித்ததைத் திரும்பக் கேட்கவே மாட்டார்கள். கேட்டால் மனசு கெட்டுவிடுமாம். அதனால்தான் ரேடியோ துணிந்தார். டேப்பை மறுபடி மாற்றிப் போட்டு, டைரக்டர் கேட்ட மாதிரியே ஓட்டினார். எதையும் சொல்லவில்லை.

"சாருக்கு இந்த மாதிரி வேணுமாம்," என்றார்.

கிடார்காரர் முகம் சுருங்கியது. "யாருது இது?"

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. அதான் கேக்கறேன்."

"இது நிதானம் தெரிஞ்ச கைப்பா," என்றார் டிரம்ஸ்காரர். "நம்மள்ல யாருக்கும் இது வராது."

"அப்ப நமக்குத் தெரியாம சார் வேற குழுவைப் பிடிச்சிருக்காரு," என்றாள் ஆர்கன் பெண். "எனக்கு அன்னைக்கே தோணுச்சு. அவர் நம்மளைப் பார்த்துச் சிரிக்கவே இல்ல."

கிடார்காரர் எழுந்து கிடாரைப் பெட்டிக்குள் வைத்தார். முதல் கொக்கி மாட்டப்பட்டது. இரண்டாவது கொக்கியில் கை வைத்தபோது ரேடியோவின் கண் முன்னே மச்சான் கதை சொல்லத் தொண்டையைச் செருமினான்.

"வேற குழு எல்லாம் இல்லைங்க. அது நான்தான்."

"எது நீங்க?"

"நான் வாசிச்சது. மத்தியானத்துல வேலை இல்லாதப்ப."

இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையையும் பையில் இருந்த இரண்டு பேனாக்களையும் மூவரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"டிரம்ஸுமா?"

"டிரம்ஸும்."

"ஆர்கன்?"

"அதுக்குத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டேன்."

கிடார்காரர் கொக்கியைக் கழற்றினார். வந்து ரேடியோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, எங்களுக்குச் சொல்லிக் குடுங்க."

ரேடியோ வாழ்க்கையில் ஊதல்கூட ஊதியதில்லை. நான்கு மணி நேரம் டேப்பைத் துண்டு துண்டாக ஓட்டி, வாயாலேயே பாடிக் காட்டினார். "இங்க 'ங்ஙொய்ய்ய்'னு எழும்பணும். அங்க மெதுவா 'வ்வூம்'னு அடங்கணும்."

"ஒரே ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்களேண்ணே."

"விரல்ல அடிபட்டிருக்கு."

"எந்த விரல்?"

"பத்துலயும்."

சொன்னதை நிரூபிக்க, டேப் ஒட்டுகிற பசைநாடாவை எடுத்துப் பத்து விரலிலும் சுற்றிக்கொண்டார். அதற்கப்புறம் மெஷின் பொத்தானை முழங்கையால் அழுத்த வேண்டியிருந்தது.

டிரம்ஸ்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இப்படி வாசிக்கிற ஆளு மனுஷனே இல்லண்ணே. மணிக்கட்டு எங்கேருந்து திரும்புதுன்னே பிடிபடல."

மூன்று மணிக்கு டைரக்டர் வந்து, விரல் பார்க்க வசதியாகத் தரையில் உட்கார்ந்தார். முதலாளியம்மாவும் வந்தார். குழு வாசித்தது. ஒரு பிசிறு இல்லை. ரேடியோ டைரக்டரின் கண்களையே பார்த்தார். அவை காய்ந்து கிடந்தன.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் டைரக்டர். "உயிர்தான் இல்ல. யாரையோ பாத்துக் காப்பி அடிச்ச மாதிரி இருக்கு."

"அப்படித்தானே சார் இருக்கும்?" என்றார் கிடார்காரர். "ஒரிஜினல் அண்ணனோடது. அவரையே வாசிக்கச் சொல்லுங்க."

"எந்த அண்ணன்?"

மூன்று விரல்கள் ரேடியோவைக் காட்டின.

"நீங்களா?" என்றார் முதலாளியம்மா.

அவர் பதில் சொல்வதற்குள் கிடார் அவர் கழுத்தில் தொங்கியது. பசைநாடா சுற்றிய பத்து விரல்களும் கம்பிகளின் மேல் ஒட்டிக்கொண்டன. டிரம்ஸ்காரர் பயபக்தியுடன் குச்சிகளைத் தட்டி எண்ண ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

"சார், நான் டேப்பைத் தலைகீழாப் போட்டுட்டேன்."

டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"நேத்து நீங்க கேட்டது இவங்க வாசிச்சதுதான் சார். சுத்தாமப் போட்டுட்டேன். பழக்கதோஷம். எனக்கு ஒரு வாத்தியமும் தெரியாது."

முதலாளியம்மா தன் பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டார்.

"அப்ப அந்த நிதானமான கை," என்றார் டிரம்ஸ்காரர், தன் கையையே உற்றுப் பார்த்தபடி, "இதுதானா? திருப்பிப் போட்டா நான் அப்படியா இருக்கேன்?"

டைரக்டர் மெதுவாக எழுந்தார். ரேடியோ கண்களை மூடிக்கொண்டார். அவர் கழுத்தில் கிடாரோடு சேர்த்து இன்னொன்றும் தொங்கியது. டைரக்டர் கட்டிக்கொண்டிருந்தார்.

"தலைகீழ்," என்றார் டைரக்டர். "அதான். அவன் குடையைத் தேடல. குடைதான்யா அவனைத் தேடுது. என் படம் எனக்கே இப்பத்தான் புரியுது."

அடுத்த ஐந்தாவது நிமிடம் எல்லோரும் டேப் அறையில் இருந்தார்கள். அலமாரிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"படத்துக்கு இசைத்தட்டு போடறோம்," என்றார் டைரக்டர். "நேத்துக் கேட்டது முதல் பாட்டு. அதை நேத்து ஓடின மாதிரியே எடுத்துக்கிட்டாச்சு. மிச்சம் பதிமூணு டேப்பையும் குடுங்க. ஒண்ணையும் சுத்தாதீங்க."

"ஒண்ணையுமேவா?"

"ஒண்ணையுமே."

அக்கா தோளைக் குலுக்கிவிட்டு எடுத்துக் கொடுத்தார். பதிமூன்றும் வாலிலிருந்து தலைக்கு ஓடின.

சனிக்கிழமை ஆர்டர் கைக்கு வந்தது. முதலாளியம்மா 'டேப் ஓட்டுநர்' என்பதை அடித்துவிட்டுத் 'தலைமை ஒலிப்பதிவாளர்' என்று எழுதியிருந்தார். ரேடியோ வீட்டுக்குப் போன் செய்தார்.

"அண்ணன் எங்க?"

"எதிர்லதான் உக்காந்திருக்கான்," என்றாள் மனைவி. "நான் ஒரு கதை சொல்லிக்கிட்டிருக்கேன். அப்புறம் பேசுங்க."

மூன்று வாரம் கழித்து முதல் இசைத்தட்டு வந்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். முதல் பாட்டில் டைரக்டர் அழுதார். டிரம்ஸ்காரர் தன் மணிக்கட்டுக்கு முத்தம் கொடுத்தார். இரண்டாவதில் டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்தாவதில் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதாவதில் ஆர்கன் பெண் கொட்டாவி விட்டாள். பதினாலாவது முடிந்தது யாருக்கும் தெரியவில்லை.

"எல்லாத்தையும் ஒரே மாதிரிதானே திருப்பினோம்?" என்றார் டைரக்டர். "முதல் பாட்டுல இருக்கிறது மத்ததுல ஏன் வரல?"

"சொல்லுங்க ரேடியோ," என்றார் முதலாளியம்மா. "அதுல மட்டும் என்ன பண்ணீங்க?"

தலைமை ஒலிப்பதிவாளர் நாற்காலியில் சாய்ந்தார். விரல் நுனிகளைச் சேர்த்துவைத்துக்கொண்டார். "திருப்பறதுலயும் ஒரு பதம் இருக்கும்மா. அது கைக்குத் தானா வரணும்."

மேஜை மேலிருந்த டேப்புகளை எடுத்துப்போக வந்த அலமாரி அக்கா, முதல் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுவா? வானொலிக்காரர் பழக்கத்துல சுத்த மறந்துடுவாரேன்னு அன்னைக்குக் காலையில நானே சுத்தி வெச்சுட்டேனே சார். இந்தத் தட்டுலயே நேரா ஓடறது இது ஒண்ணுதான்."