எழுத்தக்காவிடம் கொடுத்த தலையணை உறைகள்

நாமக்கல்லில் யாராவது உங்களுக்குப் பெயர் பின்னிய துண்டைப் பரிசாகக் கொடுத்தால், அவரை ஒரு நிமிடம் அனுதாபத்தோடு பாருங்கள். அந்தத் துண்டுக்காக அவர் எழுத்தக்காவிடம் நன்றாகத் திட்டு வாங்கியிருப்பார்.

எங்கள் லாரி இன்சூரன்ஸ் ஆபீசுக்கு நேர் கீழே இருக்கிறது அவருடைய கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை. துணியில் எழுத்துப் போடுகிறவர் என்பதால் தெருவே அவரை எழுத்தக்கா என்றது. சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை, கேட்கத் தைரியமும் இல்லை. மற்ற கடைக்காரர்கள் நாம் கேட்டதைக் கொடுப்பார்கள். எழுத்தக்கா நம்மைக் கேள்வி கேட்பார். யாருக்குப் பரிசு? அவருக்கு என்ன நிறம் பிடிக்கும்? துண்டைத் தோளில் போடுவாரா, இடுப்பில் கட்டுவாரா? பதில் சரியில்லை என்றால் துணியை மடித்து நம் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் ஆபீசில் லாரி கவிழ்ந்த கிளெய்முக்குக்கூட இத்தனை கேள்வி கிடையாது.

முட்டை வியாபாரி ஒருவர் மனைவியின் பிறந்தநாளுக்கு ஒரு சால்வையோடு வந்தார்.

"நடுவுல பெருசா எம்பட இனிஷியல் வரோணுமுங்க. தங்கக் கலர்ல."

"பொறந்தநாளு ஆருக்குங்க?"

"ஊட்டுக்காரம்மாவுக்குங்க."

"அப்பறம் உங்க இனிஷியல் எதுக்கு? சால்வை காணாமப் போனா உங்களத் தேடி வரோணும்னா?"

மனைவிக்குப் பிடித்த பூ எது என்று அடுத்த கேள்வி. அவருக்குத் தெரியவில்லை. கடை வாசலில் நின்று மச்சினிக்கு போன் போட்டு, செண்பகம் என்று தெரிந்துகொண்டார். ஓரத்தில் ஒரு செண்பகமும் அதன் கீழே மனைவியின் பெயரும் பொடியாக வந்தன. அடுத்த வாரம் அவர் ஒரு அட்டை முட்டையோடு வந்து நின்றார். "கல்யாணமாயி இத்தன வருசத்துல அவ என்னயப் பாத்து இப்படிச் சிரிச்சதில்லீங்க!"

லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவர், சொந்த லாரி வாங்கிய ராசியில் குழந்தை பிறந்ததாகச் சொல்லி, குழந்தையின் போர்வையில் லாரி நம்பரைப் போடச் சொன்னார். எழுத்தக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "கொழந்தைக்கி பர்மிட் எடுத்தாச்சுங்களா?"

இவ்வளவு பேசுகிறவரை வாயடைக்க வைத்தவர் பாலு. சேலத்திலிருந்து கடைகளுக்கு நூல் கொண்டுவருகிறவர். ஐம்பதை நெருங்கும் சாதுவான மனிதர். அவர் வந்தாலே கீழே சண்டை கேட்கும். "இது மயில்கழுத்துக் கலருங்களா? மயிலு பாத்தா கேஸ் போடும்!" பாலு சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டியைத் திறப்பார். ஒரு நாள், அந்தப் பெட்டிகளுக்கு நடுவிலேயே, தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டுவிட்டார். எழுத்தக்கா, "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றார். அதோடு சரி. அடுத்தடுத்து வந்தபோது பதிலும் இல்லை, சண்டையும் இல்லை. பாலு எங்கள் ஆபீசுக்கு ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"திட்டக்கூட மாட்டேங்கறாங்க சார்" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. எதிர்க்கடையில் ஒரு ஜோடித் தலையணை உறை வாங்கிக்கொண்டு எழுத்தக்காவிடம் போனேன்.

"ஆருக்குங் தம்பி?"

"கல்யாணப் பரிசுங்கக்கா."

"மாப்பிள்ள பேரு?"

"பாலு."

துணியை ஃபிரேமில் மாட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் நிமிரவில்லை. "பொண்ணு பேரு?"

"தெரியாதுங்கக்கா. எல்லாரும் பட்டப்பேரு வெச்சுத்தான் கூப்பிடறோம்."

"பேரு தெரியாத பொண்ணுக்குப் பரிசாக்கும்! செரி, பொண்ணு எப்படிப்பட்டவங்க? அதயாச்சும் சொல்லுங்."

நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கோவக்காரங்க. ஆனா எம்பொண்ண ஹாஸ்டல்ல சேத்தப்ப, போர்வையில அவ பேரு போடக் குடுத்தோமுங்க. இவங்க ஓரத்துல, கை படற எடமாப் பாத்து, அவ அம்மா பேரையும் சின்னதாப் போட்டுக் குடுத்தாங்க. நாங்க கேக்கவே இல்ல. புள்ள அதப் புடிச்சுட்டுத்தான் தூங்கறா."

எழுத்தக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"விசாலாட்சி" என்றார். "பொண்ணு பேருங் தம்பி."

கம்ப்யூட்டரில் இரண்டு பேரின் முதலெழுத்தையும் தட்டினார். பா. வி. சேர்த்துப் படித்த நான் சிரிப்பை அடக்க இருமினேன்.

"பாத்தீங்களா? ஊருக்கெல்லாம் எழுத்துப் பாத்துச் சொல்றவ, எம்பட தலகாணில பாவின்னு போட்டுக்கறதா?" என்றவர் குரலைத் தணித்துக்கொண்டார். "எழுத்து ஒரு சாக்குத்தானுங். இத்தன வருசம் தனியாவே இருந்துட்டேன். இப்பப் போயி ஒருத்தரோடன்னா, பயமா இருக்குது சாமி."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாலு படியிறங்கி வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ!

"எம்பேரே வேண்டாமுங்க" என்றார். "உங்க பேர முழுசாப் போட்டுருங்க. ரெண்டுலயும்."

எழுத்தக்காவுக்குள் இருந்த கடைக்காரி விழித்துக்கொண்டார். "ரெண்டுலயும் ஒரே பேரு இருந்தா, எது ஆரதுன்னு எப்படிங்க தெரியும்?"

"எதுன்னாலும் உங்களுதுதானுங்களே."

மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார் எழுத்தக்கா. பிறகு கை மட்டும் பின்னால் நீண்டது.

"செவப்பு நூல் எடுங்க. போன தடவ கொண்டாந்தீங்களே சாயம் போறது, அது வேண்டாம். நல்லதா எடுங்க!"

பாலுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திட்டு வாங்கி அப்படிப் பூரித்த மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. முட்டை வியாபாரி மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மா தோளில் அந்தச் சால்வை. இப்போது பாலுவும் கடையில்தான் இருக்கிறார். எழுத்தக்கா கேள்வி கேட்டு மிரட்டி அனுப்பும் வாடிக்கையாளர்களை அவர் தெருவோரம் வரை போய்ச் சமாதானப்படுத்தித் திரும்ப அழைத்து வருகிறார்.

சென்ற மாதம் இருவரும் ஏற்காடு போயிருந்தார்கள். கடை பூட்டிக் கிடந்தது. ஆபீசில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவர்கள் திரும்பி வந்த அன்று காலை, "ஏனுங்க, இதெல்லாம் ஒரு டிசைனுங்களா?" என்று கீழேயிருந்து ஒரு அதட்டல் வந்தது. எழுந்து போய், சத்தம் போடுகிற எங்கள் பழைய ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.