மச்சான் திட்டி எழுதாத குளிர்காலம்

ல்யுப்லியானா,
1867 மார்ச்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் உர்பான் அவர்களுக்கு, லோவ்ரோ கோசர் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உம் தங்கை யெரிட்சாவும் சுகம். அங்கே நீர் உயிரோடு இருக்கிறீரா என்பதை அறியவே இக்கடிதம்.

நான் எந்த ஆராய்ச்சியை வெளியிட்டாலும் அடுத்த தபாலிலேயே என்னைக் கிழித்துத் தொங்கவிடுகிறவர் நீர். கண்ணில்லாத குகை வண்டு விளக்கைக் கண்டு ஓடுவது வெளிச்சத்தால் என்றேன், சூட்டால் என்றீர், அந்த வண்டுக்குத் தம்பிதான் கோசர் என்றும் எழுதினீர். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்தக் குளிர்காலம் முழுக்க உம்மிடமிருந்து ஒரு வரி இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தபாலாபீசுக்கு நடையாய் நடந்தேன். "வந்ததை எல்லாம் வீட்டுலயே குடுத்தாச்சு, புரொபசர். திட்டு வாங்க இப்படி அலையற ஆளை நான் பார்த்ததே இல்லை" என்று சிரிக்கிறார் தபால்காரர். "உன் அண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சுடி" என்று யெரிட்சாவிடம் புலம்பினேன். அவள் மாவைத் தேய்த்தபடியே, "அவருக்கென்ன, கல்லுகுண்டாட்டம் இருப்பாரு. நீங்க சாப்பிடுங்க" என்கிறாள். கூடப்பிறந்த பாசம் இவ்வளவுதானா? மறுத்துப் பேச ஆளில்லாததால் கவனம் தவறி, சோதனைப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டேன். அத்தனை வண்டும் நிலவறையில் இருந்த முட்டைக்கோஸ் பீப்பாய்க்குள் போய்விட்டது. கடைசியில், உம்மைச் சீண்டியாவது பேச வைக்கலாம் என்று, வண்டுக்கு எட்டுக் கால் என வியன்னா பத்திரிகைக்கு எழுதிப்போட்டேன். அந்தப் படுபாவிகள் அப்படியே அச்சடித்துவிட்டார்கள்! பாராட்டுக் கடிதம் குவிகிறது. அடுத்த மாதம் வியன்னாவுக்கு வந்து எட்டுக் காலைப் பற்றி உரையாற்ற வேண்டுமாம். என் மானம் போகப்போகிறது மச்சான். நானாக மறுத்தால் பைத்தியம் என்பார்கள். நீர் மறுத்தால்தான் அது விஞ்ஞானம். எழுந்து உட்கார முடிந்தால் இரண்டு வரி திட்டி எழுதும். பழைய பேச்சையெல்லாம் மறந்தேன். வேண்டுமானால் சூடு என்றே வைத்துக்கொள்ளும்.

ஆண்டவர் உமக்கு நீண்ட ஆயுளும் நல்ல செரிமானமும் தரட்டும்.

என்றும் உம் நலம் நாடும்,
லோவ்ரோ

பி.கு.: உறைக்கு முத்திரை வைக்க அரக்கு தேடி யெரிட்சாவின் தையல் பெட்டியைத் திறந்தேன். கம்பளி நூலுக்கு அடியில் உம் கடிதங்கள், ஒரு கட்டு! கேட்டால், "பின்ன என்னங்க? அவர் லெட்டர் வந்தா சாப்பாட்டு மேசையில வண்டுப் பேச்சுதான். இந்தக் குளிருக்காவது இது மனுஷங்க வீடாட்டம் இருக்கட்டும்னு பார்த்தேன்" என்கிறாள். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். எட்டுக் காலைப் பற்றிய உம் மறுப்பை வியன்னாவுக்கு அனுப்பியாயிற்று. மற்றபடி, அக்கடிதங்களில் என்னைக் கழுதை என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர். ஆகவே மேலே சொன்ன ஆசீர்வாதம் ரத்து. அது வெளிச்சம்தான், சூடு இல்லை! என் பதில் பதினாறு பக்கம் தாண்டிவிட்டது. யெரிட்சா மூட்டை கட்டுகிறாள். "அண்ணன் வீட்டுக்கா?" என்றேன். "அங்கயும் வண்டுதானே! நான் கன்னியர் மடத்துக்குப் போறேன்" என்கிறாள்.