மூக்கு மாஸ்டர் கிழித்த சர்டிபிகேட்

சென்னையில் நேர்மையான மனிதர்களால் எனக்கு ஏற்பட்ட தொல்லைகளை வரிசைப்படுத்தினால், முதலிடம் மேற்கு மாம்பலம் மெக்கானிக் மூக்கு மாஸ்டருக்குத்தான். இரண்டாமிடத்துக்கு ஆளே இல்லை.

ஊரெல்லாம் கம்ப்யூட்டர் செருகி வண்டியைப் பரிசோதிக்கிற காலத்தில், அவர் சைலன்சர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ரசத்தில் பெருங்காயம் விழுந்ததா என்று பார்ப்பவர் போல முகர்ந்து பார்ப்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. எஞ்சினை ஓடவிட்டு, காரின் சொந்தக்காரரையும் பின்னால் நிறுத்தி, இரண்டு நிமிஷம் மூச்சிழுக்கச் சொல்வார். ஆடிட்டரானாலும் வக்கீலானாலும் விலக்கு கிடையாது.

“ஊரே மோந்துக்கினு கீது. நீ ரெண்டு நிமிசம் மோந்தா கொறஞ்சா பூடுவ?”

என் காருக்குப் பதினைந்து வயது முடியும் தறுவாய். பதிவைப் புதுப்பிக்காவிட்டால் தெருவில் ஓட்ட முடியாது. புதுப்பிக்கப் புகைச் சோதனையில் பாஸாக வேண்டும். புதுக் கார் வாங்க வக்கில்லை. “பேசாம காயலான் கடைல போட்டுட்டு ஷேர் ஆட்டோல போங்க” என்று மனைவி தீர்ப்பே சொல்லிவிட்டாள். ஷேர் ஆட்டோவில் எனக்கு ஒருவனுக்கே மூன்று பேர் இடம் வேண்டும்.

சோதனைக்கு முன்னால் சும்மா ஒரு பார்வை பார்க்கச் சொல்லலாமே என்று மாஸ்டரிடம் போனேன். கெட்ட நேரம். இரண்டு நிமிஷம் நின்றேன். கண் எரிந்தது. வழியே போன கீரைக்கார அம்மாள், “இன்னா சார், ஆவி புடிக்கிறியா?” என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

“பச்ச பெட்ரோல் வாசன. பெயிலாவும்,” என்றார் மாஸ்டர்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு பெட்ரோல் பங்கில் நின்ற சோதனை வேனுக்குப் போனேன்.

வேன்காரர் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தார். புகையை அளக்கிற குழாய் வேனுக்குள்ளேயே நிம்மதியாகச் சுருண்டு படுத்திருந்தது. ‘பாஸ்’ என்று காகிதம் வந்தது. நான் கணக்குப் பரீட்சை எழுதிய காலத்தில் இந்தப் புண்ணியவான் எங்கே போயிருந்தார் என்று உருகினேன். வாங்க நீண்ட என் கைக்கு முன்னால் மாஸ்டரின் கை நீண்டது. காகிதம் நான்காகக் கிழிந்தது.

“யோவ்! கொழாய வுடாம எப்டிய்யா பாஸ் போட்ட?”

“பாஸ்தான தலைவா போட்டேன்? பெயிலா போட்டேன்? உனுக்கு இன்னா பிரச்சன?” என்றார் வேன்காரர்.

“அதான் பிரச்சன! உள்ள வுடு கொழாய!”

பின்னால் நின்ற ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. குழாய் உள்ளே போனது. எண்கள் ஏறிய வேகத்தைப் பார்த்து வேன்காரரே மெஷினைத் தட்டிப் பார்த்தார். பெயில்.

சொந்தச் செலவில் மெக்கானிக்கை அழைத்துப்போய், சண்டை போடவைத்து, பாஸான வண்டியைப் பெயிலாக்கி ஓட்டிவந்த ஒரே ஆள் நான்தான். “உங்கள யாரு சார் கேட்டது?” என்று வழியெல்லாம் கத்தினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

ஷெட்டில் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, கன்வெர்ட்டரைத் தட்டினார். எஞ்சினிலிருந்து வரும் நச்சுப் புகையைச் சுத்தம் செய்து சைலன்சருக்கு அனுப்பும் டப்பா அது. உள்ளே தேன்கூடு மாதிரி ஒன்று இருக்க வேண்டும். காலி எண்ணெய் டின் போலச் சத்தம் வந்தது.

“உள்ள இருந்தது எங்க?”

ஒப்புக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு மகான், அதைக் குடைந்து எடுத்துவிட்டால் மைலேஜ் கூடும் என்றார். எடுத்துவிட்டேன். கூடவில்லை.

மாஸ்டர் அடியிலிருந்து வெளியே வந்தார்.

“கிட்னிய கயட்டி வச்சிட்டு வெயிட்டு கொறஞ்சுதான்னு பாக்குற ஆளா நீ? இஸ்கூல் புள்ளைங்க நடக்குற தெருவுல இத்த வுட்டுக்கினு, உனுக்கு பாஸ் வேற கேக்குதா? எடு வண்டிய!”

தப்பு நம் பக்கம் இருக்கும்போது கோபத்தை எவ்வளவு நேரம்தான் தாங்கிப் பிடிப்பது? மறுநாள் போய் நின்றேன், மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் புதுக் கன்வெர்ட்டரைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு போனேன். அப்போதும் உடனே மாட்டவில்லை.

“மொதல்ல பொகைய ருசி பாக்குற சென்சாரு. அது வண்டியோட நாக்கு. நாக்கு செத்தவன் சாம்பார்ல உப்பு பத்தலன்னு கொட்டிக்கினே இருப்பான்ல? உன் வண்டி அப்டி பெட்ரோல கொட்டிக்கினு கீது. இத்த மாத்தாம அத்த மாட்னா, புதுசும் வெந்துபூடும்.”

இரண்டையும் மாட்டினார். மறுபடி அதே வேன். மாஸ்டரைக் கண்டதும் வேன்காரர் தானாகவே குழாயைச் செருகிவிட்டார். எண்கள் எழுந்திருக்க மனமில்லாமல் படுத்துக் கிடந்தன. பாஸ்.

“இன்னொரு தபா,” என்றார் மாஸ்டர்.

மறுபடியும் பாஸ். காகிதத்தை என் கையில் திணித்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி வெகுநேரம் இருமினார். முப்பது வருஷமாக ஊரார் வண்டிகளை முகர்ந்த நெஞ்சு அது.

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?” என்றேன்.

“காட்னேன். அவரு வண்டியும் பெயிலு.”

ஆர்.டி.ஓ. ஆபீஸில் என் காருக்கு ஐந்து வருஷம் நீட்டித்துக் கொடுத்துவிட்டார்கள். மனுஷர்களுக்கு அப்படி நீட்டித்துத் தருகிற ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். மாஸ்டருக்குப் பதிலாக நானே போய் வரிசையில் நிற்கிறேன்.