கிளினிக்குக்குத் துணைக்கு வந்த வாய்

மனிதர்களில் ‘துணைக்கு வருகிறவர்’ என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது. ஆனால் அவர் உட்காராத ஆஸ்பத்திரி வாங்குப் பலகையும் இருக்காது. காய்ச்சல் உங்களுக்கு; இருமிக் காட்டுவது அவர். பல்வலி உங்களுக்கு, வாயைத் திறப்பது அவர். ஊசி மட்டும் உங்களுக்குத்தான். அதில் அவர் பங்கு கேட்பதில்லை.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இந்த இனத்தின் அசல் பிரதி ஒருவர் இருக்கிறார். பெயர் ஆண்டியப்பன். கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆள்தான், தொண்டை இல்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதன் பையில் எழுதாத பேனாக்கள், ஒரு கையில் குடை, மறு கையில் பிளேன்டீ நிரப்பிய பிளாஸ்க், இவற்றோடு ஒரு லயத்து வீட்டு வாசலில் அவர் வந்து நின்றுவிட்டால் அந்த வீட்டு நோயாளியின் வாய்க்கு அன்று லீவு. “நீ சும்மா இரு மக, நான் பேசிக்கிறேன்.” இது ஒன்றுதான் அவருடைய மந்திரம். பஸ் காசுகூட வாங்கமாட்டார். நல்ல மனுஷன். அதனால்தான் அவரிடமிருந்து தப்பிக்க முடிவதில்லை!

சர்மிளாவும் தப்பவில்லை.

சர்மிளா தலவாக்கலை டவுனில் றுக்கையாவின் தையல் கடையில் வேலை செய்கிறவள். சில வருஷங்களுக்கு முன்னால் அவளுக்குத் தூக்கம் போனது. பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனநல கிளினிக்கில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது. சர்மிளா மறுபடியும் சர்மிளா ஆனாள். பாட்டுக் கேட்டாள், சண்டை போட்டாள், கடைக்கு வரும் பெண்களுக்கு மொத்த ஊரும் மெச்சும்படி சட்டை தைத்தாள்.

இப்போது அந்த மாத்திரை ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது என்று வேறொன்றைக் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டதிலிருந்து கை நடுக்கம், பகலெல்லாம் தூக்கம். பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துத் தைத்துவிட்டாள். றுக்கையா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“புள்ள, இத போடணும்னா பையன் தலைய எங்க கொண்டு போய் வைக்கிறது?”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சர்மிளாவுக்கு அழுகை வந்தது. றுக்கையா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “கிளினிக்ல போய்ச் சொல்லு. இப்படியே போனா கஸ்டமர் நிக்காது. நானும் எத்தனை நாளைக்குச் சமாளிப்பேன்?”

மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று ஒரு நாள் சர்மிளாவுக்குத் தோன்றியது. உடனே அந்தச் சுவரும் அதற்கு அப்பால் கேட்ட சத்தமும் ஞாபகம் வந்தன. நிறுத்தவில்லை. பழைய மாத்திரையைக் கேட்டு வாங்குவது என்று முடிவு செய்தாள். அந்த முடிவு ஆண்டியப்பனின் காதுக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கிளினிக் நாளன்று காலையில் குடை வாசலில் நின்றது.

பஸ்ஸில் ஏறியதுமே துணை ஆரம்பமாகிவிட்டது. “டிரைவர் தம்பி, வளைவுல பாத்து ஓட்டுங்க. இந்தப் புள்ளைக்கு மனசுக்கு மருந்து எடுக்கப் போறோம்!” பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. “யாருகிட்டயும் சொல்லிடாதீங்க,” என்று பஸ் முழுவதையும் கேட்டுக்கொண்டார். சர்மிளா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கிளினிக்கில் இருந்தவர் புதிதாக வந்த டொக்டர், சிங்களப் பெண். சிங்களத்தில் கேட்டார்: இந்த மாத்திரை ஒத்துக்கொள்கிறதா?

சர்மிளா வாயைத் திறந்தாள். சத்தம் ஆண்டியப்பனிடமிருந்து வந்தது. சர்மிளாவின் குடும்பம் எவ்வளவு கண்ணியமானது என்பதில் தொடங்கி, அவள் அப்பா கோயில் திருவிழாவில் காவடி எடுத்தது, தோட்டத்து ரோட்டில் ஆட்டோ குடை சாய்ந்தது, லயத்துக் கூரை ஒழுகுவது, போன மாசம் தேயிலை மலையில் சிறுத்தைப்புலி வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போனது எல்லாவற்றையும் சரளமான சிங்களத்தில் சொல்லி முடித்துவிட்டு, பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார். மாத்திரை மட்டும் அதில் எங்கும் வரவில்லை.

டொக்டர் களைத்துப் போனார். கை ஏன் நடுங்குகிறது என்று கேட்டார்.

“குளிர்,” என்றார் ஆண்டியப்பன்.

தூக்கம் அதிகமாக இருக்கிறதா?

இதை மட்டும் அவர் மொழிபெயர்த்தார். “மக, டொக்டர் நல்லா தூங்கச் சொல்றாங்க.”

“ஐயோ மாமா, நான் நாள் முழுக்கத் தூங்கிக்கிட்டுத்தான் கெடக்கேன். அதச் சொல்லுங்க!”

அவர் டொக்டரிடம் திரும்பி, “நல்ல தூக்கமாம். உங்கள் மருந்து ரொம்ப ஹொந்தாய்!” என்றார்.

டொக்டருக்குச் சந்தோஷம். அதே மாத்திரையை எழுதப் பேனாவை எடுத்தார். பிறகு ஆண்டியப்பன் தன் முழங்கால் வலியைப் பற்றி ஆரம்பித்தார்.

ஹொந்தாய் என்றால் நல்லது. தையல் கடையில் இருப்பவளுக்கு அது தெரியாதா? சர்மிளா எழுந்தாள். நடுங்கும் கையை டொக்டரின் பேனாவுக்கு முன்னால் மேசைமேல் வைத்தாள். அவளுக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் சட்டை அளவு எடுக்கும் சிங்களம்தான். இருந்ததை வைத்தே பேசினாள்.

“டொக்டர், மே பெஹெத் மட்ட லொகு வெடி. பரண எக்க ஹரியட்ட ஹரி.”

இந்த மருந்து எனக்கு ரொம்பப் பெருசு. பழையதுதான் அளவெடுத்த மாதிரி சரி.

ஆண்டியப்பனின் முழங்கால் பாதி வாக்கியத்தில் நின்றது. டொக்டர் பேனாவை வைத்தார். அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தமிழில் கேட்டார்: “கை எப்ப இருந்து இப்பிடி?”

“உங்களுக்குத் தமிழ் தெரியுமா டொக்டர்?”

“கொஞ்சம். மெதுவாப் பேசினாத்தான் புரியும். கேக்கலாம்னு பார்த்தேன். ஐயா விடவே இல்லயே!”

சர்மிளா சொன்னாள். நடுக்கம், தூக்கம், கழுத்தில் முளைத்த கை, நிறுத்திவிடலாமா என்று நினைத்தது, சுவர், எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டு முடித்து, “நிறுத்தாம வந்து சொன்னது நல்லது. ஆனா பழைய மருந்து இங்க இல்லயே,” என்றார்.

“எங்க இருக்கோ அங்க கேளுங்க டொக்டர். நான் வெளிய உக்காந்திருக்கேன். கெடைக்கிற வரைக்கும் போகமாட்டேன்.”

அப்படியே உட்கார்ந்தாள். டொக்டர் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார், இல்லை என்றார்கள். இன்னொன்றில் எடுக்கவே இல்லை. சர்மிளா அவ்வப்போது கதவுக்குள் தலையை நீட்டி, “டொக்டர், நான் இன்னும் இருக்கேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். பின்னேரம் ஆவதற்குள் வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து இருப்பது தெரிந்தது. மறுநாள் அது வந்து சேர்ந்தது; சர்மிளாவும் மறுபடி போனாள். ஒன்றைக் குறைத்து மற்றதை எப்படிக் கூட்டுவது என்று டொக்டர் அவளிடமே விளக்கினார். சில வாரங்களில் கை அடங்கியது. தலைக்கு உரிய ஓட்டைகள் தலைக்கே திரும்பின.

தோட்டத்தில் என்ன கதை ஓடுகிறது என்கிறீர்களா? “நான் பேசின பேச்சுல டொக்டரம்மா ஆடிப்போயிட்டாங்க. நாலு ஆஸ்பத்திரிய எழுப்பி மருந்து வரவழைச்சேன்ல!” சர்மிளா மறுத்துப் பேசுவதில்லை. அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப் போனாள். “மாமா, நீங்க வெளிய இருங்க,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் வாங்கில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவருக்கு என்ன நோய் என்று அவருக்கே விளக்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன தடவை உங்கள் வீட்டு ஆளிடம் டொக்டர், “என்ன செய்யுது?” என்று கேட்டபோது, பதில் சொன்னது யார்? சந்தேகமாக இருந்தால், இப்போதே அவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, தயவுசெய்து, அதற்கும் நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள்.